கல்வெட்டு எழுத்தில் ஒரு பாட்டுப் புத்தகம்

"புள்ள கிருஷா, இது ஆருட கல்வெட்டு?"

மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்கு முன்னால் பத்திரிகைக் கடை வைத்திருக்கும் ஹமீட் காக்கா காலையிலேயே தொலைபேசி எடுத்துக் கேட்ட கேள்வி இது. நான் அவருக்கு அனுப்பியது கல்வெட்டு அல்ல, பாட்டுச் சஞ்சிகை. பெயர் 'ஒலிமேடை'. கீபோட், ட்றம், கிற்றார், பாட்டுக்காரன், பாட்டுக்காரி, கோயில் திருவிழாவில் விடிய விடிய ஆட்டம் என்று மேடை இசைக்குழுக்களைப் பற்றி மட்டும் எழுதுகிற சஞ்சிகை. அதைப் பார்த்து ஒரு மனிதர் இப்படிக் கேட்டால் நான் போய் எந்தச் சுவரில் முட்டுவது?

கல்வெட்டு என்றால் எங்கள் பக்கத்தில் கல்லில் வெட்டுவது இல்லை. ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள், வீட்டுக்குச் சாப்பிட வந்தவர்களின் கையில் கொடுத்துவிடும் சின்னப் புத்தகம் அது. முன்னட்டையில் செத்தவரின் படம், பக்கத்தில் குத்துவிளக்கு, சுற்றிவரப் பூக்கரை, உள்ளே தேவாரமும் புலம்பல் பாட்டும். அதை யாரும் விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியாமல் அலுமாரிக்குள் செருகிவிடுவோம்.

"காக்கா, அது பாட்டுப் புத்தகம். பெயரைப் பாருங்க."

"பெயர் எனக்கு வாசிக்கத் தெரியும் புள்ள. எழுத்து மையத்து வீட்டு எழுத்தாயிரிக்கி, செத்த வீட்டு எழுத்து. விடியக் கடை திறந்ததில இரிந்து ஒருத்தரும் தொடல்ல. ஒரு மனிசி மட்டும் எடுத்தா. படத்தைப் பாத்தா. பாவம் சின்ன வயசு எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டுப் போறா."

படம் என்றதும் செருப்பைத் தேடினேன். அட்டையில் இருந்தது வேலனின் படம்.

வேலன் பெரியகல்லாற்று ஆள். 'மின்னல்' இசைக்குழுவின் பாட்டுக்காரன். நான் மேடை அறிவிப்பாளராகத் தொடங்கியதே அந்தக் குழுவோடுதான். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வாகரைப் பக்கத்துக் கோயில் ஒன்றில் பாடப் போனான். அடுத்த நாள் பாதை மூடப்பட்டது, பிறகு சண்டை, பிறகு சனம் எல்லாம் இடம்பெயர்ந்து வந்தது. அந்தச் சனத்தோடு வேலன் வரவில்லை. அவன் மனைவி வசந்தாதேவி ஏறாத முகாம் இல்லை, தட்டாத கதவு இல்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி கிடைக்கும் என்று புத்தி சொன்னவர்களை எல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பினாள். அவன் செத்தான் என்று சொல்ல ஒருவரிடமும் ஆதாரம் இல்லை. பிறகு நான் ஏன் அவனைச் சாகடிக்க வேண்டும் என்பது அவள் கேள்வி.

இந்த வருடம் யுத்தம் முடிந்தது என்று வானொலியில் சொன்ன பிறகு, கோயில்களில் திரும்பவும் இரவு நிகழ்ச்சி தொடங்கியது. அந்தத் துணிவில்தான் நான் சஞ்சிகைக்கு இறங்கினேன். முதல் இதழின் அட்டையில் வேலன்தான் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். எங்கேயாவது ஒரு கடையில், ஒரு முகாமில், யாராவது ஒருவர் அந்த முகத்தைக் கண்டு இவரை எனக்குத் தெரியும் என்று சொல்லலாம் அல்லவா? படம் கேட்டுப் போனபோது வசந்தாதேவி அக்கா ஒரு நிபந்தனையோடுதான் தந்தாள்.

"படம் தாறன் கிருஷா. ஆனா இவர் பாட்டுக்காரனாத் தெரியணும். வேற ஒண்டாவும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அப்படிச் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் வினாயகமூர்த்தி அண்ணனின் அச்சகத்துக்குப் போனேன்.

ஒரு சஞ்சிகையின் பெயரை எழுதியிருக்கும் எழுத்துத்தான் முதலில் ஆளோடு கதைக்கும். கடையில் கயிற்றில் தொங்கும் புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று எவன் நின்று புரட்டுகிறான்? சினிமாப் பாட்டுப் புத்தகம் என்றால் மஞ்சளும் சிவப்புமாக வீங்கின எழுத்து. சங்கீத சபை மலர் என்றால் ஒல்லி எழுத்து, பக்கத்தில் ஒரு வீணை. அதைக் கண்டாலே ஆட்கள் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். பக்திப் பாட்டுக்கு எழுத்தின் நெற்றியிலேயே திருநீறு இருக்கும். மேடைக் குழுவுக்கு எழுத்து என்ன செய்ய வேண்டும்? பார்த்தவனின் கால் ஆட வேண்டும். இதை நான் வினாயகமூர்த்தி அண்ணனுக்குத் தொண்டை வறளச் சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம்மட மட்டக்களப்புப் பாடும் மீனைப் போடுவமா தங்கச்சி?" என்றார்.

"மீன் பாடினா மீனுக்கு ஒரு சஞ்சிகை அடியுங்க அண்ண. இது ஆக்களுக்கு."

"அப்ப வீணையோட ஒரு கடல்கன்னி?"

"கடல்கன்னி எந்தக் குழுவில வாசிக்கிறா?"

"தாமரை?"

நான் மேசையில் இருந்த தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். அது அவருடைய தேத்தண்ணி.

கடைசியில் கம்பியூட்டரில் ஒரு தடித்த எழுத்தைச் சாய்த்து, சிவப்பு அடித்து, அச்சு பார்க்க ஒரு புறூவ் தாள் தந்தார். பெரிய அழகு இல்லை. ஆனால் பாட்டு என்று தெரிந்தது. சரி, இதையே அடியுங்க, ஒரு புள்ளிகூடக் கூட்ட வேண்டாம் என்று கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு, பழுகாமத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு அறிவிப்புச் செய்யப் போய்விட்டேன். நான் திரும்பி வருவதற்குள் கட்டுகள் கடைகளுக்குப் போய்விட்டன.

ஹமீட் காக்காவின் கடைக்கு ஓடினேன். அவர் சும்மா சொல்லவில்லை. சாய்வெழுத்து நிமிர்ந்து நின்றது. சிவப்பு, ஊதாவாகிவிட்டது. ஒவ்வொரு எழுத்தின் காலிலும் மெல்லிய நிழல். பெயருக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, சுற்றிவரப் பூக்கரை. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற வேலனை முட்டை வடிவத்துக்குள் போட்டு, ஓரத்தைப் புகைமாதிரி மங்கவைத்திருந்தார். பிறந்த திகதியும் இறந்த திகதியும் மட்டுந்தான் குறை. காக்கா அதைச் சாம்பிராணிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பேன்.

அச்சகத்துக்குள் நான் போன வேகத்தில் வினாயகமூர்த்தி அண்ணன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"புள்ளி கூட்ட வேணாம் எண்டுதானே அண்ண சொன்னன்?"

"நான் ஒண்டும் பிழையாச் செய்யல்ல தங்கச்சி. காணாமப்போன பொடியன். படத்தை வெறுமனே போட மனம் வரல்ல. கொஞ்சம் மரியாதையா இரிக்கட்டுமே எண்டுதான்."

"மரியாதையோ? வெளிக்கிடுங்க. மோட்டார் சைக்கிளை எடுங்க. இந்த மரியாதையை அந்த மனிசிக்கு நீங்களே வந்து சொல்லுங்க."

பெரியகல்லாற்றுக் கடைக்கும் ஒரு கட்டு விடிய பஸ்ஸில் போயிருந்தது. அவள் காண்பதற்கு முன் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் எண்ணம். பின்னால் ஏறி இருந்துகொண்டு கல்லடிப் பாலம் வரைக்கும் அவருடைய முதுகைப் பார்த்துப் பார்த்துத் திட்டினேன். விசர் என்றேன். ஆக்கினை என்றேன். உங்களுக்கு விளக்கு வைக்க வேறு தலை கிடைக்கவில்லையா என்றேன். ஏச்சைத் திருப்பி ஏசாத மனிதரோடு சண்டை பிடிப்பதைப்போல அரியண்டம் வேறு இல்லை.

பாலம் தாண்டி, நாவலடிப் பக்கம் திரும்பும் இடத்தில்தான் வாயைத் திறந்தார்.

"அந்த எழுத்து நான் இஞ்ச நாவலடியில இரிந்த என்ட தங்கச்சி குடும்பத்துக்குக் கீறினது, புள்ள. சுனாமிக் கடல் அடிச்ச வருசம். வீட்டோட எல்லாரும் போயிற்றாங்க. கல்வெட்டுக்கு ஒரு நல்ல எழுத்து இல்லையே எண்டு நானே கையால கீறினன். மறுகா, அதுக்குப் பின்னால வந்த ஆக்கள் எல்லாரும் அதையே கேட்டாங்க. அந்த வருசம் முழுக்க அது ஒண்டுதான் அடிச்சன். சண்டைக்கும் அதுதான். இப்ப ஒரு பொடியன்ட முகத்தை மேசையில வைச்சா கை அங்கதான் போகுது."

அதற்குப் பிறகு என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

களுவாஞ்சிக்குடிக்கு இந்தப் பக்கம் சோதனைச் சாவடி. ஒரு சிங்களப் பொடியன் என் பையைத் திறந்து, உள்ளே இருந்த 'ஒலிமேடை'யை வெளியில் எடுத்தான். அவனுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அட்டையைப் பார்த்தான். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையாலும் புத்தகத்தைத் திருப்பித் தந்து, அடையாள அட்டைகூடக் கேட்காமல் போங்கள் என்று கையைக் காட்டினான். அந்த எழுத்து அவ்வளவு நன்றாகத் தன் வேலையைச் செய்துவிட்டது. எனக்கு வீதியில் இறங்கிக் கத்த வேண்டும்போல் இருந்தது.

நாங்கள் பிந்திவிட்டோம். வசந்தாதேவி அக்காவின் முற்றத்தில் அயல் பெண்கள் வந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போன பாய் இன்னும் விரித்தபடி கிடந்தது. உள்ளே மேசையில் சீனிப் பைகளும் தேயிலைப் பெட்டிகளும், செத்த வீட்டுக்குக் கொண்டுவருவதைப்போல. அக்கா வாசலில் நின்றாள். கழுத்தில் தாலி. நெற்றியில் வழமையைவிடப் பெரிய பொட்டு. கையில் சஞ்சிகை.

"வா கிருஷா. செத்த வீட்டுக்கு வெறுங்கையோட வந்திரிக்காய்."

"அக்கா—"

"பொறு. பக்கத்து வீட்டு ஆச்சிப்பிள்ளை வந்து என்ன கேட்டவ தெரியுமா? முப்பத்தொண்டுக்கு ஏன்கா எங்களுக்குச் சொல்லல்ல எண்டு கேக்கிறா. கோவிச்சிக்கிட்டுக் கேக்கிறா. சமைச்ச வீட்டில அவவுக்குச் சோறு குடுக்காம விட்டிட்டனாம்." அவள் சஞ்சிகையை என் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். "மூணு வருசமா ஆருக்கும் இந்த மனிசனைச் சாக விடாம வைச்சிரிந்தன். நீங்க ரெண்டு பேரும் ஒரு எழுத்தால சாக்காட்டிப் போட்டீங்க."

வினாயகமூர்த்தி அண்ணன் முன்னுக்கு வந்தார். "கிருஷா இல்ல தங்கச்சி. நான்தான் செஞ்சன். என்னை ஏசு."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அழுவாள் என்று நான் நினைத்தேன். கண்ணில் ஒரு துளி இல்லை. நெருப்பாக இருந்தது முகம்.

"ஏசி என்ன கிடைக்கும்? இதை என்ன செய்யப் போறீங்க, அதைச் சொல்லுங்க."

"எல்லாக் கடையிலயும் திருப்பி எடுக்கிறன்," என்றேன். "அட்டையை உரிச்சிப்போட்டு வேற அட்டை அடிச்சிப் பின் குத்துவம். அந்தப் பழைய சாய்வெழுத்து இரிக்கி."

"பழைய எழுத்தும் வேணாம், உங்கட எழுத்து ஒண்டும் வேணாம். வாங்க உள்ளுக்கு."

அறைக்குள் ஒரு பழைய சீலையை இழுத்து விலக்கினாள். மின்னல் குழுவின் பெரிய ட்றம். கடல் வந்ததற்கு முதல் நாள் கிறிஸ்மஸ். அன்றிரவு பழுகாமத்தில் நத்தார் நிகழ்ச்சி. வாத்தியங்களை விடிந்த பிறகு எடுக்கலாம் என்று அங்கேயே விட்டுவிட்டு வந்ததால் வீட்டுச் சாமான்களில் கடலுக்குத் தப்பியது அது ஒன்றுதான். அதன் முகத்தில் வேலன் தன் கையால் 'மின்னல்' என்று எழுதியிருந்தான். வள்ளத்துக்குப் பூசி மிஞ்சின சிவப்புப் பெயின்ற். எழுத்துகள் எல்லாம் முன்னுக்கு விழுகிறமாதிரிச் சாய்ந்திருந்தன. முதல் எழுத்தைப் பெரிதாகத் தொடங்கி, இடம் போதாமல் கடைசி எழுத்தை ஓரத்தில் நெருக்கி, அதன் புள்ளியை ட்றம்மின் மரவளையத்தில் வைத்திருந்தான். எத்தனை மேடையில் அதற்குப் பக்கத்தில் நின்று கத்தியிருக்கிறேன். ஒருநாளும் அதை நான் எழுத்தாகப் பார்த்ததில்லை.

"இதைப்போல எழுதுங்க," என்றாள் வசந்தாதேவி அக்கா.

அடுத்த நாள் ட்றம்மோடு அவளும் அச்சகத்துக்கு வந்து சேர்ந்தாள். நான் வேண்டாம் என்றேன். நீ சத்தியம் பண்ணி நான் கண்டதுதானே என்றாள்.

வினாயகமூர்த்தி அண்ணன் கம்பியூட்டரை மூடிவிட்டுத் தூரிகையை எடுத்தார். 'லி'யும் 'மே'யும் ட்றம்மைப் பார்த்துக் கீறியதால் ஒருவாறு வந்தன. 'ஒ'வும் 'டை'யும் வேலன் எழுதாத எழுத்துகள், அங்கேதான் வில்லங்கம். முதல் கீறிய 'ஒ' கைகட்டி நின்றது. அடுத்ததற்குக் கீழே தானாகவே ஒரு மெல்லிய நிழல் வந்துவிட்டது. நான் தலையில் கையை வைத்தேன்.

"அண்ண, திரும்பவும் முப்பத்தொண்டுக்குப் போறீங்க."

"எனக்கும் தெரியுது புள்ள. நீ கொஞ்சம் வாயை மூடு."

வசந்தாதேவி அக்கா அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். "நேர்கோடு இவருக்கு வராது அண்ண. நேரா ஒரு வேலி கட்டத் தெரியாத மனிசன். இன்னும் சாயுங்க. இன்னும். விழட்டும். இவர் எதையும் பெரிசாத் தொடங்கி மறுகா இடமில்லாமத்தான் முடிப்பார். கடைசி எழுத்தை நெருக்குங்க."

அவர் தூரிகையைத் தோய்த்தார். நாவலடிக் கதையை நான் அக்காவுக்கும் சொல்லியிருந்தேன். அவர் யாரை நினைத்துக்கொண்டு கீறுகிறார் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

"அழுதுகொண்டு எழுதாதீங்க அண்ண," என்றாள் அவள், மெதுவாக. "இது பாட்டுக்கு."

அவர் தூரிகையை வைத்துவிட்டு வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு ஒரே இழுப்பில் அந்த 'ஒ' வந்தது. முன்னுக்கு ஓடப் பார்க்கிற எழுத்து. 'டை' ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. விளக்கு இல்லை, கரை இல்லை, தாமரை இல்லை. வேலனின் படத்தை முட்டைக்குள்ளிருந்து வெளியே எடுத்து, ஒலிவாங்கியோடு அட்டை முழுக்கப் போட்டோம். அவன் தலைமுடி எழுத்தின் மேல் ஏறி நின்றது. பிறகு மூவரும் தரையில் உட்கார்ந்து, கடைகளிலிருந்து திருப்பி எடுத்த கட்டுகளின் பழைய அட்டைகளை உரித்து, புது அட்டைகளைப் பின் குத்தினோம். உரித்த அட்டைகளை வசந்தாதேவி அக்கா ஒன்றுவிடாமல் அடுக்கிக் கட்டித் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். அடுப்புக்காம்.

புது அட்டையை ஹமீட் காக்காவிடம் கொண்டுபோனபோது அவர் நீட்டிப் பிடித்துப் பார்த்தார். "இது ஆட்டப் புத்தகம்," என்று மட்டும் சொல்லி, சாம்பிராணிப் பக்கம் போகாமல் வாசல் கயிற்றில் தொங்கவிட்டார். நான் அங்கே நிற்கும்போதே ஒரு பஸ் சாரதி ஒன்றை இழுத்து எடுத்தான். உள்ளே புரட்டவே இல்லை. எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

அந்தக் கிழமையே ஒருநாள் பின்னேரம், ட்றம்மைத் திருப்பிக் கொடுக்கப் பெரியகல்லாற்றுக்குப் போயிருந்தேன். அக்கா தேத்தண்ணி தந்தாள். ஆச்சிப்பிள்ளை கொண்டுவந்த சீனிதான், திருப்பிக் கொடுத்தால் அவ வாங்கவில்லையாம் என்றாள். அப்போது என் தொலைபேசி அடித்தது. சஞ்சிகையின் பின்னட்டையில் என் இலக்கந்தான் இருக்கிறது.

"ஒலிமேடைதானே? நான் வெல்லாவெளியில இரிந்து கந்தப்போடி கதைக்கிறன். இஞ்ச நம்மட கோயிலுக்கு நான்தான் வண்ணக்கர், கோயில் காரியம் எல்லாம் பாக்கிறது. புத்தகத்தில மைக்கைப் புடிச்சிக்கிட்டு ஒரு தம்பி நிக்கிறாரே, அவரை நம்மட கோயில் சடங்குக்குப் பாட எடுக்கணும். ஆள் ஓய்வா இரிக்காரா?"

உள்ளே கட்டுரையில் எல்லாம் எழுதியிருக்கிறேன். வாகரை, பாதை, மூன்று வருடம், எல்லாம். மனிதர் ஒரு பக்கம் திருப்பியிருக்கவில்லை. மேடையில் மின்சாரம் நின்ற இரவுகளிலெல்லாம் ஒலிவாங்கி இல்லாமலே கதைத்துச் சனத்தை இருத்தி வைத்தவள் நான். அன்றைக்குத் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவைத்தான் பார்த்தேன்.

என் முகத்தைப் பார்த்து அக்கா கையை நீட்டினாள். தொலைபேசியைக் கொடுத்தேன். கந்தப்போடி திரும்பவும் அதையே கேட்டார்.

"ஓம் ஐயா. நான் அவர்ட பெண்சாதிதான் கதைக்கிறன். அவர் வெளியில போயிரிக்கார். எப்ப வாறார் எண்டு இன்னும் தெரியா. சடங்கு எப்ப ஐயா? ஓம். குழுப் பொடியன்கள் வருவாங்க, அது நான் பொறுப்பு. அதுக்குள்ள இவர் வந்திட்டா இவரும் வருவார். பழைய பாட்டோ? ஓம் ஐயா, எல்லாம் பாடுவார்."

தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு, ட்றம்முக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சீலைத் தலைப்பை எடுத்து வாயில் பொத்திக்கொண்டாள். அயல் பெண்கள் பாயில் வந்து உட்கார்ந்திருந்த அன்றைக்கு ஒரு துளி விடாதவள், தோள் குலுங்க அழுதாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஆள் ஓய்வா இரிக்காரா எண்டு கேட்டார் புள்ள," என்றாள். "மூணு வருசமா ஒருத்தரும் என்னட்ட அப்பிடிக் கேக்கல்ல."